வீரோ செல் அறுவடையில் சர்க்கோவைரஸ்: வடிகட்டி கைகொடுக்காது

வணக்கம். வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை) வளர்த்தெடுத்த ரோட்டா தடுப்பூசி அறுவடையில் பன்றி சர்க்கோவைரஸுக்கு பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பாசிட்டிவ், 20 நானோமீட்டர் வடிகட்டி போட்டால் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. சர்க்கோவைரஸின் விட்டம் சுமார் 17 நானோமீட்டர், ரோட்டாவைரஸ் 70க்கும் மேல். வடிகட்டியில் தங்குவது உங்கள் தடுப்பூசி, தாண்டிப் போவது மாசு. டிடர்ஜென்டும் பலிக்காது, இதற்குக் கொழுப்பு உறையே கிடையாது. சூட்டையும் நன்றாகத் தாங்கும். இதைச் செயலிழக்க வைக்கும் அளவுக்குப் போனால் உயிருள்ள தடுப்பூசி வைரஸ் மிஞ்சாது.

அதனால் பின்னோக்கித் தேடுங்கள். முதல் சந்தேகம் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த டிரிப்சின் மேல்தான், அதாவது செல் வளர்ப்பில் சேர்க்கும் புரதம் உடைக்கும் நொதி. செல் வங்கியையும் விட்டுவிடாதீர்கள். 2010இல் ரோட்டாரிக்ஸ் என்ற ரோட்டா தடுப்பூசியில் இதே வைரஸின் டிஎன்ஏ தெரியவந்தபோது, அது செல் வங்கியிலும் (உறையவைத்த மூலச் செல் இருப்பு) விதை வைரஸிலுமே (தடுப்பூசி வளர்க்கத் தொடங்கும் மூல வைரஸ்) இருந்தது. அமெரிக்காவில் அந்தத் தடுப்பூசியைச் சில வாரம் நிறுத்தி வைத்தார்கள்.

உங்களிடம் இருப்பது வெறும் டிஎன்ஏவா, தொற்றக்கூடிய வைரஸா என்பதையும் பாருங்கள். மாதிரியை டிஎன்ஏஸ் (வெளியே கிடக்கும் டிஎன்ஏவை அழிக்கும் நொதி) கொண்டு செரித்துவிட்டு மறுபடி பிசிஆர் செய்யுங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் முழுத் துகள்கள் இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் வைரஸ் பெருகுகிறதா என்று பார்க்க, பிகே-15 செல்களில் (பன்றிச் சிறுநீரகச் செல் வகை) சில பாசேஜ், அதாவது புதுச் செல்களுக்கு மாற்றி மாற்றி வளர்க்கும் சுற்று, ஓட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்த வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே பிகே-15இல்தான், பழைய செல்களில் அது நிரந்தரமாகக் குடியிருக்கும். வைரஸ் இல்லை என்று சோதித்த செல்களையே வாங்குங்கள்.

வங்கி சுத்தம், டிரிப்சின்தான் காரணம் என்றால் மறுசேர்க்கை டிரிப்சினுக்கு (பன்றியிலிருந்து எடுக்காமல் மரபணு மாற்றிய நுண்ணுயிர் போன்றவற்றில் தயாரிப்பது) மாறுங்கள். வங்கியிலேயே இருந்தால் புது வங்கிதான், வேறு வழியில்லை. அதுவரை அந்த லாட்டை (தயாரிப்புத் தொகுதியை) நிறுத்தி வையுங்கள், தரப்பிரிவுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.