காலில் சதை வைப்பது பற்றிச் சில கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிளாஸ்டிக் சர்ஜரி பார்க்கிறேன். ஆறாத கால் புண்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வள்ளியூர்: தம்பி நாற்கர சாலையில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். கணுக்காலுக்கு மேலே எலும்பு தெரிகிறது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?

போதாது அண்ணாச்சி. ஒட்டுத் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையிடமிருந்து உறிஞ்சித்தான் முதல் சில நாள் உயிரோடிருக்கும். மேல்சவ்வு உரிந்த எலும்பில் அது பிடிக்காது. பாறையில் நாற்று நட்ட மாதிரிதான். அதனால்தான் சொந்த ரத்தக்குழாயோடு திசுவைக் கொண்டுவந்து மூடுகிறோம். அதுதான் ஃபிளாப். முழங்காலை ஒட்டிய புண்ணென்றால் கெண்டைத் தசையைத் திருப்பிப் போடலாம். நடுக்காலுக்கு, அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசை. கணுக்கால் பக்கம்தான் சிக்கல். உங்கள் காலையே தடவிப் பாருங்கள், அங்கே எலும்பும் நாணும்தான் கையில் தட்டுப்படும். அங்கே 1992-இல் பிரெஞ்சு மருத்துவர் மாஸ்கெலே விவரித்த சூரல் ஃபிளாப் கைகொடுக்கும்: கெண்டைக்காலின் பின்பக்கத் தோலை, அதற்கு ரத்தம் கொண்டுவரும் காம்பு கீழே இருக்க, தலைகீழாகத் திருப்புவது. புண் பெரிதென்றால் தொடையிலிருந்து திசுவைத் தனியாக எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் ரத்தக்குழாய்களைத் தைக்க வேண்டும். எதுவானாலும் நாளைக் கடத்தாதீர்கள். எலும்பில் சீழ் பிடித்துவிட்டால் பாடு பல மடங்கு.

முக்கூடல்: அப்பாவுக்குக் குதிகாலில் சூரல் ஃபிளாப் வைத்து இரண்டு நாள். நீலமாகத் தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வார்டு நர்ஸைக் கூப்பிடுங்கள் அம்மா. நீலம் என்றால் உள்ளே போன ரத்தம் திரும்பி வர வழியில்லை. கட்டு இறுகியிருக்கலாம், குதிகாலை மெத்தையில் ஊன்றிப் படுத்ததில் காம்பு நசுங்கியிருக்கலாம். வெளுத்துக் கிடந்தால் ரத்தமே போகவில்லை என்று பொருள், அதுவும் அவசரம்தான். அப்புறம், பீடி வேண்டவே வேண்டாம். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நன்றாகப் பிடித்திருந்த ஃபிளாப்பின் ஓரம், தலையணைக்கடியில் பீடிக்கட்டு வைத்திருந்த ஒரு பெரியவருக்குக் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

அம்பாசமுத்திரம்: சர்க்கரை உள்ளவர்களுக்குச் செய்யலாமா?

செய்யலாம். பாதம் வரை ரத்தம் வருகிறதா என்று முதலில் டாப்ளரில், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனில், பார்க்க வேண்டும். அடைப்பிருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஃபிளாப்.

களக்காடு: சூரல் ஃபிளாப் ஆறிவிட்டது. பாதத்தின் வெளி ஓரம் மரத்திருக்கிறதே?

அந்தத் தோலோடு சூரல் நரம்பும் போய்விடுகிறது, அதனால்தான். நடக்க இடைஞ்சல் இருக்காது. ஆனால் முள் குத்தினாலும் தெரியாது. வாழைத் தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் இறங்காதீர்கள் தம்பி. ராத்திரி படுக்குமுன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.