அம்மா கேட்டது சிலபஸில் இல்லையா?

கேள்வி: அக்கா, எனக்குக் கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்து பிளஸ் டூவில் 600-க்கு 541 எடுத்தேன். இப்போது பி.ஏ. வரலாறு முதல் வருடம். ‘1876–78 பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும்தான் காரணமா? விவாதிக்க’ என்று அசைன்மென்ட் கொடுத்தார்கள். நெட்டிலும் சீனியர் நோட்ஸிலும் தேடி 12 பக்கம் சேர்த்தேன். என் கையெழுத்து சுமார்தான். அதனால் அம்மா ஏலத்தோட்ட வேலை முடிந்து வந்து, ராத்திரி உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, ‘பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணை கட்டினது இந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தானே?’ என்று ஏதோ கேட்டார். ‘அது சிலபஸில் இல்லம்மா, நீ எழுது’ என்றேன். கடைசியில் 10-க்கு 4 மார்க். ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். இங்கிலீஷ் மீடியம் படிக்காததுதான் குறையா? கட்டுரை எழுத ஒரு ஃபார்மட் சொல்லுங்கள்.

பதில்: மீடியத்தை விடு தங்கச்சி. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளும் இதே கடிதத்தைத்தான் எனக்கு எழுதுகிறார்கள். ஃபார்மட்டையும் விடு. நீ போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது: ‘சிலபஸில் இல்லம்மா, நீ எழுது.’ அதைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் பக்கத்தில் ஏலத்தோட்ட வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இருட்டோடு எழுந்து சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏற வேண்டும். காய் செடியின் அடியில் அல்லவா காய்க்கும்? நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்துவிட்டு வந்த கையில் பேனாவைக் கொடுத்து 12 பக்கம் எழுத வைத்திருக்கிறாய். அதுவே தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அந்த வீட்டில் அன்றைக்குப் பாடத்தைப் பற்றி யோசித்த ஒரே ஆளின் வாயை நீ அடைத்தது. அம்மா உனக்கு எழுதித் தரும் ஆளா? படிக்கிற பிள்ளை தான் படித்ததை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது அம்மா கேட்டதற்கு வா. உங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு, அணை கட்டிய பிரிட்டிஷ் எஞ்சினியர் பென்னிகுக்கின் படம் மாட்டி, தைப் பொங்கலுக்கு அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை அப்போதே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுப் பழையது. பல முறை எடுத்தார்கள், கைவிட்டார்கள். உன் அசைன்மென்டில் வரும் 1876–78 பஞ்சம், அதாவது தாது வருஷப் பஞ்சம், வந்து இலட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகுதான் அது மறுபடி உயிர் பெற்றது. 1882-இல் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுக்கிடம் வந்தது. 1887-இல் வேலை தொடங்கியது, 1895-இல் அணை திறந்தது. மழை ஒன்றே காரணம் என்றால், மேற்கே வீணாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை முன்னமே ஏன் திருப்பவில்லை? அம்மாவின் கேள்வியை இழுத்தால் இங்கேதான் வந்து நிற்கிறது. பேராசிரியர் கேட்டதும் இதைத்தான்.

பிளஸ் டூவில் ‘காரணங்களை எழுதுக’ என்பார்கள். ஐந்து தலைப்பு போட்டால் மார்க் வரும். ‘விவாதிக்க’ என்பது வேறு வேலை. ஆமாம், இல்லை, ஓரளவுக்கு என்று நீ ஒரு பக்கம் நின்றாக வேண்டும். நோட்டைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே வாக்கியம் எழுது: ‘மழை பொய்த்ததால் விளைச்சல் போனது, ஜனங்கள் செத்ததற்கு அரசின் முடிவுகளும் காரணம்.’ இதை ஏற்காவிட்டால் மாற்றி எழுது, ஆனால் அது உன் வாக்கியமாக இருக்கட்டும். அப்புறம் நீ சேர்த்த 12 பக்கத்தையும் எடுத்து, இந்த வாக்கியத்துக்கு உதவாததை எல்லாம் அடித்துவிடு. முக்கால்வாசி போய்விடும். போகட்டும்.

மிஞ்சுவதைப் பேச வை. நிவாரண வேலை செய்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற உடம்புக்கு அது பற்றாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அதே அரசுக்குள்ளேயே இரண்டு குரல்! இதை உன் பக்கத்தில் ஒரு வரித் தகவலாகப் போட்டுவிட்டு நகர்ந்தால் வீண். ‘ஆகவே, அந்தக் கூலி போதாது என்று அன்றைக்கே தெரிந்திருந்தது’ என்று அடுத்த வரி வர வேண்டும். அந்த ‘ஆகவே’யை எந்த சீனியர் நோட்ஸும் உனக்குத் தராது. எதிர்த்தரப்பையும் மறைக்காதே. அணை யோசனை பஞ்சத்துக்கு முந்தையது. அதைச் சொல்லாமல் பஞ்சத்தால்தான் அணை வந்தது என்று எழுதினால் கேட்பவர் மடக்கிவிடுவார். நீயே சொல்லிவிட்டு, பஞ்சம் அதில் எதை மாற்றியது என்று காட்டு.

படிக்கும் முறையையும் மாற்று. ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடு. மூடிய பிறகு, புரிந்ததை இரண்டு வரியில் எழுதி, ஓரத்தில் பக்க எண்ணைக் குறி. திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை காப்பிதான் அடிக்கும். 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெஜட்டியரில் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்) பெரியாறு திட்டத்தைப் பற்றி விவரமாக இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கேள். இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறி, நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூலகத்தில் விசாரி. இங்கிலீஷ் கடினமாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும்.

எழுதி முடித்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவர் படுத்துக்கொண்டே கேட்கட்டும், பேனாவைத் தொட வேண்டாம். ‘அது ஏன்டி?’ என்று அவர் கேட்கிற இடமெல்லாம் நீ இன்னும் எழுதாத இடம். அங்கே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள். கையெழுத்து சுமாராக இருந்தால் இருக்கட்டும், நிதானமாக எழுது.

பேராசிரியரிடம் போய், ‘சார், மறுபடி எழுதித் தருகிறேன், படித்துப் பார்ப்பீர்களா?’ என்று கேள். மார்க் கூட்ட முடியாது என்று சொல்லலாம். சொன்னாலும் எழுதிக் கொடு. அதற்கு முன்னால், இன்று ராத்திரி, அணையைப் பற்றி அம்மா கேட்டதற்குப் பதில் சொல்.