தண்ணீரைத் தானே சோதிக்கும் இயந்திரம் பவளத் தொட்டிக்குத் தேவையா?

மூன்றடித் தொட்டியில் ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர் பவளங்களும் இரண்டு க்ளவுன் மீன்களும் வளர்க்கிறேன். தானியங்கி டெஸ்டர் வாங்கலாமா? – கொளத்தூர் வாசகர்

வேண்டாம். இந்த இயந்திரங்கள் முக்கியமாகப் பார்ப்பது அல்கலினிட்டியை, அதாவது தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதை. சில மாடல்கள் கால்சியம், மக்னீசியத்தையும் பார்க்கும். இவற்றை வேகமாக இழுப்பவை கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளங்கள். உங்களிடம் இருப்பவை மென்பவளங்கள். அவை எடுப்பது கொஞ்சம்தான். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் ஈடாகிவிடும். வாரம் ஒருமுறை கை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அல்கலினிட்டி 8, 9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) பக்கத்தில் ஆடாமல் நின்றால் போதும்.

அந்தப் பணத்தில் முதலில் நல்ல ஆர்.ஓ. ஃபில்டர், அப்புறம் அலை பம்புக்கு பேட்டரி பேக்கப் வாங்குங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மே மாத இரவில் கரண்ட் போய், தண்ணீர் அசைவும் நின்றுவிட்டால் மீன்கள் விடியும்வரை தாங்குவது கஷ்டம். அந்த நேரத்தில் எந்த டெஸ்டரும் உதவாது.

சிங்கப்பூரில் கடினப் பவளத் தொட்டி வைத்திருக்கும் அண்ணன், தன் பழைய டெஸ்டரைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – பெரம்பூர் வாசகர்

அண்ணன் தொட்டிக்கு அது அருமையான கருவி. பெரும்பாலான மாடல்கள் அளவாகத் தண்ணீரை உறிஞ்சி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் சுமார் 4.5க்கு இறங்க எவ்வளவு அமிலம் செலவானது என்று கணக்குப் போடுகின்றன. கை கிட்டில் சிரிஞ்சை வைத்து நாம் நிறம் மாறும்வரை செய்வதும் இதே வேலைதான். வித்தியாசம், இயந்திரம் ஒரு நாளில் பல முறை பார்த்துவிடும்.

அது ஏன் முக்கியம்? பவளங்கள் 2.8 டிகேஹெச் எடுக்கும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும். 420 பிபிஎம்மில் 20 போனது கை கிட்டில் சரியாகத் தெரியாது. அல்கலினிட்டியில் பளிச்சென்று தெரியும். ஆக்ரோபோரா என்ற கடினப் பவளம் நிறைந்த தொட்டியில் ஒரே நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் இறங்கலாம். குறைவதை ஈடுகட்டும் கரைசலை அளவாக விடும் டோசிங் பம்ப் நின்றுபோனதை டெஸ்டர் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

உங்களுக்கு வருவோம். இயந்திரம் இலவசம், சோதனைக்கு ஊற்றும் ரியேஜென்ட் கரைசல் இலவசமில்லை. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அண்ணன் ஊருக்கு வரும்போதுதான் பாட்டில் கிடைக்கும் என்றால் வாங்காதீர்கள். ரியேஜென்ட் இங்கேயே தொடர்ந்து கிடைக்கும், தொட்டியில் கடினப் பவளமும் இருக்கிறது என்றால் மட்டும் யோசியுங்கள். பிஹெச் அளக்கும் ப்ரோபைத் தவறாமல் காலிபரேட் செய்ய, அதாவது அளவு சரிபார்த்துத் திருத்த வேண்டும். அது தேயும் பொருள், மாற்றவும் வேண்டியிருக்கும். கழிவுத் தண்ணீர் தனி டப்பாவுக்குப் போகட்டும், தொட்டிக்குத் திரும்பக் கூடாது. பாட்டில் மாற்றும்போதெல்லாம் கை கிட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுக் கடல்நீரைத் தொட்டிக்கு எடுக்கலாமா? டெஸ்டரில் சரி பார்த்துக்கொண்டால் போதாதா? – ராயபுரம் வாசகர்

போதாது. துறைமுகத் தண்ணீரில் கலந்திருக்கும் டீசல், எண்ணெய், கன உலோகம் எதையும் அது பார்க்காது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்பு இறங்கும், கூடவே அல்கலினிட்டியும் கால்சியமும் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் ரீஃப் உப்பைக் கரைத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) பாருங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகவும் ஆர்.ஓ. மட்டும்தான். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்புகள் தொட்டியிலேயே சேரும்.

ராமேஸ்வரம் பக்கமிருந்து கடினப் பவளம் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார் ஒருவர். – வில்லிவாக்கம் வாசகர்

தொடாதீர்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாப் பவளத் திட்டுகள் ஏற்கெனவே வெளுத்துத் தவிக்கின்றன.

டெஸ்டர் சொல்கிறபடி டோசிங் பம்ப் தானாகக் கரைசல் விடும்படி இணைக்கலாமா? – திருவொற்றியூர் வாசகர்

இணைக்கலாம், கடிவாளத்தோடு. குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் 8.5 டிகேஹெச் இருக்கும் தொட்டியை 6 என்று காட்டக்கூடும். பம்ப் அதை நம்பிக் கொட்டினால் பவளங்களின் நுனி கருகிவிடும். அதனால் அன்றாட அளவை நீங்களே நிர்ணயித்துவிட்டு, டெஸ்டருக்கு அதில் பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏறவே கூடாது. திடீரென்று ஓர் எண் எகிறினால் முதலில் பம்பை நிறுத்துங்கள், அப்புறம் கை கிட்டை எடுங்கள்.