வாசகர் கேள்வி பதில்: புகைத் தடையும் மருத்துவச் செலவும்

கேள்வி: பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போட்டால் மருத்துவமனைச் செலவு நிஜமாகவே குறையுமா? எத்தனை வருடம் ஆகும்?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: புற்றுநோயில் பலன் தெரியப் பல வருடங்கள் ஆகும். மாரடைப்புக்குச் சில மாதங்களே போதும். ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 அன்று தடை வந்தது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில் தடைக்கு முந்தைய பத்து மாதங்களில் மாரடைப்பு, கடும் நெஞ்சுவலி என்று சேர்ந்தவர்கள் 3,235 பேர். தடைக்குப் பிறகு, அடுத்த ஆண்டின் அதே பத்து மாதங்களில் 2,684 பேர். அதாவது 17 சதவீதம் குறைவு. அப்போது தடை வராத இங்கிலாந்தில் 4 சதவீதம்தான் குறைந்தது.

யார் புகைபிடிப்பவர் என்று அறிய, நோயாளிகள் வாயால் சொன்னதோடு விடாமல், ரத்தத்தில் கோட்டினின் (உடலில் நிகோடின் மாறி உண்டாகும் பொருள்) அளவையும் பார்த்தார்கள். இப்படிக் குறைந்துபோன எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு புகைபிடிக்காதவர்கள்! அடுத்தவர் விடும் புகையை அரை மணி நேரம் சுவாசித்தாலே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ரத்தக் குழாய் விரிந்து கொடுக்காது. ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு அதுவே ஆபத்து. புகை நின்றதும் ஆபத்து குறைவதால்தான் பலன் இவ்வளவு வேகமாகத் தெரிகிறது.

எல்லாரும் புகையை விட்டால் செலவு முதலில் குறைந்து, சுமார் 15 வருடத்துக்குப் பின் கூடிவிடும் என்று 1997-ல் நெதர்லாந்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். காரணம், மக்கள் அதிக நாள் உயிரோடு இருப்பார்களாம். ஆயுள் கூடுவதை நஷ்டமாக எழுதும் கணக்கை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: என் ஹோட்டலில் 40 பேர் உட்காரலாம். ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, புகைப்பவர்களுக்கு ஒதுக்கலாமா?
– ஹோட்டல் உரிமையாளர், ஈரோடு

பதில்: வெறும் தடுப்பு போதாது. 30 இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் தனி அறைக்கு மத்திய அரசின் 2008 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் நான்கு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேரே வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வேண்டும். வாசலருகே அறை கூடாது. 2017 திருத்தப்படி உள்ளே டீகூடப் பரிமாறக் கூடாது. பல இடங்களில் தவறு நடப்பது ஏ.சி.யில்தான்: இரண்டு பக்கத்துக்கும் ஒரே டக்ட் (காற்றுக் குழாய்) என்றால், அறைப் புகை குடும்பத்தோடு சாப்பிடுபவர் மேசைக்கே வந்துவிடும்.

எங்கள் யோசனை, அறையே வேண்டாம். வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் ‘புகைபிடிக்கக் கூடாது’ பலகை வையுங்கள். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் மேசையில் வைக்காதீர்கள். அறை கட்டினால் அதைக் கூட்டிப் பெருக்கத் தினமும் உள்ளே போகப்போவது உங்கள் ஊழியர்.