மகளின் முதல் வாடகை வீடு: டோக்கன் அனுப்பும் முன்

கேள்வி: விருதுநகரில் வசிக்கிறேன். மகளுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு படுக்கையறை வீடு, வாடகை 16,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். வீட்டுக்காரர் கோவையில் இருக்கிறாராம், புரோக்கர்தான் பேசுகிறார். இன்றே 10,000 ரூபாய் டோக்கன் அனுப்பாவிட்டால் வீடு கைமாறிவிடும் என்கிறார். அட்வான்ஸ் என் ஓய்வூதியச் சேமிப்பு. ஒப்பந்தம் என் பெயரில் இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பா?

பதில்: ஒப்பந்தத்தை மகள் பெயரிலேயே போடுங்கள். குடியிருக்கப்போகிறவர் அவர். நீங்கள் கையெழுத்திட்டு அவர் குடியிருந்தால், நாளை ஒரு தகராறு என்று வரும்போது "இந்தப் பெண் யார்?" என்று கேட்கும் வாய்ப்பை வீட்டுக்காரருக்கு நீங்களே கொடுத்தவராவீர்கள். பணத்துக்குப் பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அட்வான்ஸை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டுக்காரரின் கணக்குக்கே அனுப்புங்கள். இன்ன தேதியில் இன்ன தொகையைக் குடியிருப்பவரின் தந்தை செலுத்தினார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அது போதும்.

இனி அந்த டோக்கன். அனுப்பாதீர்கள். "கைமாறிவிடும்" என்ற வசனத்தை நான் வக்கீல் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். ஒரே வீட்டைக் காட்டி மூன்று குடும்பங்களிடம் டோக்கன் வாங்கிய ஆசாமி ஒருவரால் என் அலுவலகத்துக்கு மூன்று தந்தைகள் ஒரே வாரத்தில் வந்தார்கள். சொத்து வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவரோடு நேரில் அல்லது வீடியோ அழைப்பில் பேசுங்கள். அவருக்காக மைத்துனரோ வேறு எவரோ கையெழுத்துப் போடுவதாக இருந்தால் பவர் பத்திரத்தைப் பார்க்காமல் நகராதீர்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பது ஊர் வழக்கம். அதைச் சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள், முன்னால் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் சொல்வதாக உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி உங்களுக்கு 48,000 ரூபாய்தான். ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே "வேறு விதமான ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில்தான். அதாவது, ஒரு லட்சம் என்று எழுதிய தாளில் உங்கள் மகள் கையெழுத்திட்டால், அதுவே அந்த "வேறு விதமான ஒப்பந்தம்". வரம்பு என்று ஒன்றைப் போட்டு, அதே வாக்கியத்தில் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள்! ஆகவே பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசலாம் என்று இருக்க வேண்டாம். பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே தேவையில்லை என்றும் புரோக்கர் சொல்வார். அது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பழைய பாட்டு. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். இதற்கென அரசு இணையதளமே இருக்கிறது. இருந்தும் பல வீட்டுக்காரர்கள் வருமான வரிக்குப் பயந்து பதிவைத் தட்டிக்கழிக்கிறார்கள், கேட்பாரில்லை. சட்டம் எழுதியவர்கள் அதோடு கடமை முடிந்ததென்று தூங்கப் போய்விட்டார்கள் போலும். நீங்கள் விடாமல் கேளுங்கள்.

காலி செய்யும்போதுதான் உண்மையான வலி. என் கட்சிக்காரர் ஒருவரின் மகனுக்கு வந்த பிடித்தக் கணக்கைப் பாருங்கள்: பெயின்டிங் 18,000, சுத்தம் செய்ய 4,000, சுவரில் ஆணி ஒன்றுக்கு 250 வீதம் ஒன்பது ஆணிகள். அந்த ஒன்பதில் நான்கு, பையன் குடிவருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. நிரூபிக்க அவரிடம் ஒரு படம்கூட இல்லை. வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருடையவை. இதற்கும் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ள வழி உண்டு என்பதால், "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடித்துவிட்டு இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சாவி வாங்கும் நாளன்று, சாமான்களை இறக்குவதற்கு முன், காலி வீட்டை மகளின் கைப்பேசியில் அறை அறையாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆணி, ஈரக்கறை, கீறல் விழுந்த கண்ணாடி, மின்மீட்டரில் அன்று ஓடும் எண், எல்லாம் அதில் தெரிய வேண்டும். அன்றே அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பிறகு பால் காய்ச்சுங்கள்.