கழற்றி வைத்த அடாப்டரின் டிரைவர் எங்கே?

கேள்வி: என் மடிக்கணினியில் ஈத்தர்நெட் துளை கிடையாது. ரியல்டெக் யூஎஸ்பி அடாப்டரைச் செருகித்தான் கம்பி இணைப்பைப் பயன்படுத்துகிறேன். 'மேக் லோக்கல்மோட்கான்ஃபிக்' கொடுத்து 6.6 லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்தேன். வைஃபை வருகிறது, அடாப்டர் மட்டும் வேலை செய்யவில்லை. கெர்னல் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியிருக்காது. கம்பைல் செய்த சோர்ஸ் கோப்புறையை அழித்துவிடாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் சில நிமிட வேலைதான்.

நீங்கள் கொடுத்த கட்டளையிலேயே காரணம் இருக்கிறது. லோக்கல்மோட்கான்ஃபிக், அந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போல, தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டுகள்) 'எல்எஸ்மோட்' பட்டியலில் பார்த்து, மற்றவற்றை நீக்கிவிடும். அப்போது அடாப்டர் மேசை இழுப்பறையில் இருந்திருக்கும். யாரும் கேட்காத டிரைவர் என்று அதையும் நீக்கிவிட்டது.

முதலில் ஊகத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அடாப்டரைச் செருகி 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்தால் 0பிடிஏ:8153 என்ற எண் தெரிகிறதா? அப்படியானால் அது ஆர்டிஎல்8153 சில்லு. அதற்கான மாட்யூல் ஆர்8152. (எண்கள் வேறுபடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 8152, 8153 என்ற இரண்டு சில்லுகளுக்கும் ஒரே டிரைவர்தான்.) 'மோட்இன்ஃபோ ஆர்8152' கொடுத்து, மாட்யூல் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இப்போது சோர்ஸ் கோப்புறைக்குப் போய், கெர்னல் அமைப்புகள் இருக்கும் டாட் கான்ஃபிக் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். 'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து, டிவைஸ் டிரைவர்ஸ், நெட்வொர்க் டிவைஸ் சப்போர்ட், யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்று உள்ளே போனால் ரியல்டெக் வரி இருக்கும். அதில் 'எம்' (மாட்யூலாக வேண்டும் என்று பொருள்) போட்டுச் சேமியுங்கள்.

பலர் தவறுவது அடுத்த இடத்தில்தான். அந்த ஒரு வரி தனியாக வராது. எம்ஐஐ போன்ற வேறு சில பகுதிகளையும் கூடவே இழுத்து வரும். அதனால்தான் ஆர்8152 கோப்பை மட்டும் தனியாகக் கம்பைல் செய்து நகலெடுப்பவர்களுக்கு 'அன்நோன் சிம்பல்' என்ற பிழை வருகிறது. பழைய நகலையும் புதிய கோப்பையும் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையில் உள்ள 'டிஃப்கான்ஃபிக்' கொண்டு ஒப்பிடுங்கள். புதிதாக வந்தவை எல்லாம் 'எம்' என்றால் கவலையில்லை. ஒன்றாவது 'ஒய்' என்று வந்திருந்தால் அது கெர்னலுக்குள்ளேயே சேர வேண்டிய பகுதி; அப்போது கெர்னலையும் மறுபடி நிறுவி, கணினியை மீண்டும் துவக்கத்தான் வேண்டும்.

பிறகு வெறும் 'மேக்' கொடுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றை அது தொடாது. மாறியவற்றை மட்டும் செய்யும். தனிக் கோப்புறையை மட்டும் கம்பைல் செய்யும் குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சமாகும் நேரத்தைவிடப் பிழை தேடும் நேரம் அதிகம். முடிந்ததும் 'சூடோ மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', அடுத்து மாட்யூலை ஏற்ற 'சூடோ மோட்புரோப் ஆர்8152'.

'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று மறுத்தால், 'டிமெசேஜ்' பதிவின் கடைசி வரிகளைப் பாருங்கள். பதிப்புப் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் கெர்னல் மாட்யூலை ஏற்காமல் போகலாம். 'யூநேம் -ஆர்' காட்டும், இப்போது இயங்கும் கெர்னலின் பெயரும், சோர்ஸ் கோப்புறையில் 'மேக் கெர்னல்ரிலீஸ்' காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட் வழியாக எடுத்த சோர்ஸில் ஏதாவது மாற்றியிருந்தால் பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொள்ளும்; கண்ணில் படாத வில்லன் அது.

இந்த வேலை முடியும்வரை 'மேக் எம்ஆர்புராப்பர்' பக்கம் போகவே வேண்டாம். டாட் கான்ஃபிக்கோடு, மாட்யூல்களுக்குக் கையொப்பமிட உருவான சாவியையும் அது அழித்துவிடும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அந்தச் சாவி இல்லாமல் புதிய மாட்யூல் உள்ளே நுழையாமலே போகலாம்.

அடுத்த முறை லோக்கல்மோட்கான்ஃபிக் கொடுக்கும் முன் அடாப்டர், பிரிண்டர், வெப்கேமரா, பென்டிரைவ் என்று கையில் இருப்பதை எல்லாம் உங்கள் லினக்ஸ் விநியோகத்தோடு வந்த கெர்னலில் ஒருமுறை செருகி இயக்கிவிட்டு, எல்எஸ்மோட் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பின் பாதையை 'எல்எஸ்மோட்=' என்று மேக் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கலாம்.