பின்சீட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டப் பழகலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லாரி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளைப் பற்றியவை. அதனால் மிக்ஸி, மெத்தை, செல்போன் புகார்களெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிப்போகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டேன், எனக்கு.

இரண்டு பள்ளிகளைப் பார்த்தேன். ஒன்றில் கட்டணம் மற்றதில் பாதிதான். லாரிகள் இரண்டிலும் பளபளவென்று இருக்கின்றன. எதில் சேரலாம்?

கட்டணத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘என் கையில் ஸ்டீயரிங் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்?’ வகுப்பறை நேரம், மைதானத்தில் நிற்கும் நேரம், அடுத்தவர் ஓட்டுவதைப் பார்க்கும் நேரம் எதுவும் இதில் சேராது. வரும் எண்ணால் கட்டணத்தை வகுத்துப் பாருங்கள். பாதி விலைப் பள்ளி பல சமயம் இரு மடங்கு விலையாகிவிடும்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கினேன். கதவைத் திறந்தேன், முகத்தில் ஜிலுஜிலுவென்று அடித்தது. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நான் வருவதற்கு முன் உள்ளே ஐஸ் மூட்டையை வைத்து எடுத்திருக்கிறார்கள். ஆகவே வாசலில் நிற்கும் லாரியைப் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போய், மைதானத்து ஓரமாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை லாரி ஓடுகிறது, எத்தனை பேர் சும்மா நிற்கிறார்கள், பயிற்றுநர் லாரியைப் பார்க்கிறாரா செல்போனைப் பார்க்கிறாரா என்று தெரிந்துவிடும். நிற்க விடமாட்டோம் என்றார்களா? அதுவும் ஒரு பதில்தான்.

‘ஏழே நாளில் லைசென்ஸ், நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

வேண்டாம். தேர்வு வைப்பது பள்ளி இல்லை, நூறு சதவீதத்துக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பார்கள்? நாட்களின் கணக்கும் பல இடங்களில் உதைக்கும். உதாரணமாக அமெரிக்காவில் பழகுநர் அனுமதி கிடைத்து 14 நாள் முடியாமல் ஓட்டும் தேர்வுக்கே போக முடியாது.

நான்கு வாரப் பயிற்சி முடித்தேன். சான்றிதழில் 160 மணி நேரம் என்று இருக்கிறது. அதில் 40 மணி வகுப்பறை, மீதி லாரியில். ஆனால் ஒரு லாரியில் ஐந்து பேர். நான் உண்மையில் ஓட்டியது 9 மணி நேரம்தான். கேட்டால், ‘பார்ப்பதும் பயிற்சிதான்’ என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். முக்கால் மணி நேர வகுப்பு, பன்னிரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க வேண்டும். ஆளுக்கு நாலு நிமிடம்கூட வரவில்லை. மீதி நேரம் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். ஒரு மாதம் கழித்து நீச்சல் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நீந்த மட்டும் தெரியவில்லை.

பார்ப்பதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். வளைவில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராமல் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். இதையெல்லாம் முதல் இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். ஆனால் புரிந்ததைக் கை செய்யப் பழக வேண்டுமே. எவ்வளவு திருப்புவது, எப்போது நேராக்குவது என்பது இருபது முறை தப்பாகப் போன பிறகு கைக்குத் தானாக வருவது. மூன்றாவது வாரமும் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வராது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லாரியில் 120 மணி, ஐந்து பேர். சமமாகப் பிரித்திருந்தால்கூட ஆளுக்கு 24. உங்களுக்குக் கிடைத்தது 9. மற்ற நால்வருக்கும் இதே கதைதான் என்றால், லாரி பாதி நேரத்துக்கு மேல் ஓடவே இல்லை என்றுதான் அர்த்தம். இதை எழுத்தில் கேளுங்கள். ‘பார்ப்பதும் பயிற்சி’ என்று வாயால் சொல்பவர்கள் அதையே தாளில் எழுதித் தரத் தயங்குவார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில், வகுப்பில் சேர்ந்து தொழில்முறை ஓட்டுநர் தகுதி பெறும் முழுப் பயிற்சி 280 மணி நேரம், விரைவுப் பயிற்சி 140. பெரிய எண்ணாகத் தெரிகிறதல்லவா? ஆனால் ஒவ்வொருவரும் தனியாக ஓட்ட வேண்டிய குறைந்தபட்ச நேரம் முழுப் பயிற்சியில் 20 மணி, விரைவுப் பயிற்சியில் 10 மணி. அதிலும் ஒரு பகுதியைத் தனி மைதானத்திலோ சிமுலேட்டரிலோ கழித்துவிடலாம். அந்த எண்ணைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த மட்டில் சந்தோஷம். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக வருபவர்கள் மத்திய அரசின் பட்டியலில் உள்ள இடத்தில்தான் பழக வேண்டும். ஆனால் ஸ்டீயரிங் பிடிக்க இத்தனை மணி என்று கீழ்வரம்பு கிடையாது. ‘தேறிவிட்டார்’ என்று பயிற்றுநர் முடிவு செய்தால் சரி. பட்டியலில் சேருவதற்கும், எங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று அந்தந்தப் பள்ளியே உறுதிமொழி கொடுக்கிறது. ஆக, ‘அரசுப் பட்டியலில் இருக்கிறோம்’ என்ற பலகையைப் பார்த்ததும் யாரோ வந்து சோதித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு இப்போது: மீதி 15 மணி நேரத்தை ஓட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையேல் அதற்கான பணத்தைக் கேளுங்கள். கூடப் படித்த நால்வரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். தனி ஆளாகப் போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் லாரியில் பழகினால் சுலபம் என்கிறார்கள். போதுமா?

நீங்கள் சேரப்போகும் கம்பெனியில் எல்லாமே ஆட்டோமேட்டிக் என்றால் போதும். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால், மேனுவல் ஓட்டக்கூடாது என்று லைசென்ஸில் குறிக்கும் நாடுகள் உண்டு, அமெரிக்கா அதில் ஒன்று. அந்தக் குறிப்பை நீக்க மறுபடி தேர்வு, மறுபடி செலவு. வேலை கிடைக்கும் வரை எந்த லாரி வரும் என்று யாருக்குத் தெரியும்? முடிந்தால் மேனுவலில் பழகுங்கள்.

ஒரு போக்குவரத்துக் கம்பெனி இலவசமாகப் பயிற்சி கொடுத்தது. ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போனேன். இப்போது முழுப் பயிற்சிச் செலவையும் வட்டியோடு கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டபோது படிக்கவில்லை. இது நியாயமா?

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நியாயத்தை என்னிடம் கேட்கிறீர்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். சரி, நானும் யோக்கியன் இல்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மெஷின் இரண்டாம் வருடமே போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தம் மட்டும் ஐந்து வருடமும் உயிரோடு இருந்தது.

இப்போதாவது படியுங்கள். நீங்கள் வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும் என்று இருக்கிறதா? வட்டி எவ்வளவு என்று எண்ணாக எழுதியிருக்கிறதா? ‘பயிற்சிச் செலவு’ என்பது அவர்கள் உண்மையில் செலவழித்ததா, மனம்போல் போட்ட தொகையா? கணக்கு கேளுங்கள், தவணை கேளுங்கள். தொகை பெரிது என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். இதே போன்ற ஒப்பந்தத்தை இனிமேல் வாங்கப்போகிறவர்கள், ‘கம்பெனியே என்னை நீக்கினால் யார் கட்டுவது? தேர்வில் தோற்றால் யார் கட்டுவது?’ என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

முழுக் கட்டணமும் கட்டினேன். பத்தாவது நாள் போனால் பள்ளி பூட்டிக் கிடக்கிறது. போன் எடுக்கவில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். என் மேல்தான் தப்பா?

இல்லையம்மா, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ரசீது வாங்கியிருக்கிறீர்கள், வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருக்கிறீர்கள். ஏமாற்றியவர்தான் வெட்கப்பட வேண்டும்.

நாளைத் தள்ளாதீர்கள். பூட்டிய கதவையும் பெயர்ப்பலகையையும் தேதி தெரியப் படம் எடுங்கள். ரசீது, விளம்பரத் தாள், அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். கார்டில் கட்டிய பகுதி இருந்தால் வங்கிக்கு இன்றே எழுதி, சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்புங்கள் என்று கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, அது ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்தில் ஒரு புகார், நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் ஒரு புகார், காவல் நிலையத்தில் ஒரு புகார். உங்களோடு படித்தவர்கள் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை பேரும் சேர்ந்து கொடுங்கள். நீங்கள் முடித்த பத்து நாள் பயிற்சிக்குச் சான்று ஏதாவது இருந்தால் வேறு பள்ளியில் காட்டிப் பாருங்கள். சிலர் கழித்துக்கொள்வார்கள். என்ன ஆனது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: மொத்தமாகக் கட்டாதீர்கள். வாரத் தவணை ஒப்புக்கொள்ளாத பள்ளியில், ஏன் என்று கேளுங்கள்.

கட்டணம் கட்டிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு என்று சொல்லிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பரிசோதனை முதலில், பணம் அப்புறம். இந்த வரிசையை மாற்றிவிட்டீர்கள். ஒப்பந்தத்தில் மருத்துவக் காரணத்துக்குப் பணம் திரும்பும் என்று இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். தனிக் கண் மருத்துவரிடம் இன்னொரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் என்னைப் பார்த்ததும், ‘உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை’ என்றார். சேரலாமா?

பணம் கட்டவில்லை அல்லவா? வேறு பள்ளிக்குப் போங்கள்.

எங்கள் பள்ளியில் தேர்வு நடக்கும் தடத்திலேயே திரும்பத் திரும்ப ஓட்ட வைக்கிறார்கள். தேர்வில் பாஸாகிவிடுவேன் என்று தெரிகிறது. இது போதுமா?

நல்ல கேள்வி. பாஸாக அது போதும், வேலைக்குப் போதாது. பாரம் ஏற்றிய லாரியில் ஒரு முறையாவது ஓட்டக் கேளுங்கள். பாரத்தோடு நிற்க நீண்ட தூரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலி லாரியும் ஏமாற்றும். பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழுப் பாரத்துக்கென்று செய்தவை, எடை இல்லாதபோது சக்கரம் துள்ளும், பூட்டிக்கொண்டு வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போனால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடிப்பதை ஒரு நிஜ இறக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஏர் பிரேக்கை வண்டி எடுக்கும் முன் சோதிக்கக் கற்றுத் தருகிறார்களா? காற்றழுத்தம் ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும்போது எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வர வேண்டும். இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெடலை அமுக்கி அமுக்கி விட்டு இதை நேரில் பார்த்திருக்க வேண்டும். காற்று சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரு கணம் ஆகும், கார் பிரேக் மாதிரி உடனே பிடிக்காது. பின்னால் எடுக்கும்போது சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்களா? அவசரப்படுத்தும் பயிற்றுநர் என்றால் அவரை மாற்றிக் கேளுங்கள்.

அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது. முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?

தட்டை அடி உள்ள, காலோடு ஒட்டிய ஷூ. செருப்பு வேண்டாம், பெடலில் மாட்டும். அடையாள ஆவணங்களின் நகல். அசலைக் காட்டலாம், அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அப்புறம் ஒரு சின்ன நோட்டு, பேனா. ஸ்டீயரிங்கைப் பிடித்த நேரம், விட்ட நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதுங்கள். நோட்டைப் பையில் ஒளிக்க வேண்டாம், பயிற்றுநர் கண்ணில் படுகிற மாதிரியே வைத்திருங்கள்.